ஜடேஜாவை எடுத்துவிட வேண்டுமா?

2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா சென்னை சூப்பர் கிங்ஸிலிருந்து ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போனார். கூடவே சாம் கரனும் போனார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். செய்திகளில் இதற்கு 'டிரேட்' என்று பெயர். எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கார்டைக் கொடுத்து ஒரு நல்ல கார்டை வாங்குவது அவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தினமும் செய்கிற காரியம். அதையே பெரியவர்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்குப் பத்து வயது. அவனிடம் இருக்கும் கிரிக்கெட் கார்டுகளில் பாதி அவனுடைய பெரிய அண்ணன் சேர்த்தவை. டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் பாக்கெட்டுகளை ஸ்டேஷனரி கடைகளில் தோரணமாகத் தொங்கவிட்டிருந்த காலத்தில் வாங்கியது. மீதி, நண்பர்களிடம் மாற்றிக்கொண்டது. மற்ற அணிகளின் கார்டுகள் ஒரு ஷூ டப்பாவில் கிடக்கின்றன. அவை மாற்றிக்கொள்வதற்கான சில்லறை. மஞ்சள் மட்டும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட ஆல்பத்தில், ஆண்டு வாரியாக இருக்கிறது. டிரேட் செய்தி வந்த வாரம் அவன் கேட்டான்: "மாமா, இப்ப ஜடேஜாவை ஆல்பத்துலேர்ந்து எடுத்துடணுமா?"

நான் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "விட்டுட்டுப் போனவங்க போட்டோவையெல்லாம் எடுக்கணும்னா நம்ம வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி கூட மிஞ்சாதுடா."

நல்ல பதில்தான். ஆனால் செத்துப்போனவர்கள் இன்னொரு வீட்டுக்கு ஆடப் போவதில்லை. ஜடேஜா அடுத்த கோடையில் இளஞ்சிவப்புச் சட்டையில் வந்து நம் விக்கெட்டை எடுப்பார். பையனுடைய கேள்வி, பார்க்கப்போனால், ஒழுக்கவியலில் ஒரு பழைய கேள்வி. ஓர் அணியை நேசிக்கிறேன் என்கிறவன் எதை நேசிக்கிறான்? ஆட்களையா, சட்டையையா, ஊரையா? ஒரே ஒரு அணியின் கார்டுகளைச் சேர்ப்பவனுக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியில்லை. மற்ற ரசிகர்கள் இதற்கு விடை தெரியாமலே ஆயுசுக்கும் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆல்பம் வைத்திருப்பவன் ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து, உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்தாக வேண்டும்.

இந்தக் கேள்வியை இந்தப் பேட்டையிலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. சென்னை அணியை 2008இல் வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் தலைமை அலுவலகமான கோரமண்டல் டவர்ஸ் இங்கேதான், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. எங்கள் அஞ்சல் எண் 600028. அந்த எண்ணையே பெயராக வைத்து 2007 ஏப்ரலில் வெங்கட் பிரபுவின் படம் வந்ததும், அதில் விசாலாட்சித் தோட்டத்து 'ஷார்க்ஸ்' பையன்கள் ஆடியதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தைத் தெருக் கிரிக்கெட் படம், நட்புப் படம் என்றுதான் பேசுகிறோம். அதன் முடிச்சு வேறு. ராயபுரம் அணிக்கு ஆடுகிற ரகுவின் குடும்பம் வீடு மாறி, எதிரி அணியின் பேட்டைக்கே வந்துவிடுகிறது. காலையில் எழுந்து பால் வாங்கப் போனால் எதிரிகளின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவன் அவர்களோடு ஆட ஆரம்பிக்கிறான். அவன் துரோகியா? படம் அப்படிச் சொல்லவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை. இதே ஊர் பத்து மாதம் கழித்து, 2008 பிப்ரவரி 20 அன்று, வீரர்கள் ஏலம் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. ராஞ்சிக்காரர் தோனி 15 லட்சம் டாலருக்கு 'நம்மவர்' ஆனார். ரகுவுக்காவது வாடகை வீடு மாறியது. தோனிக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

படம் சேர்ப்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை, தியேட்டர் குப்பையில் பொறுக்கிய பிலிம் துண்டு என்று எங்கள் அப்பா தலைமுறைக்கே ஒரு நாணயமுறை இருந்தது. பிலிம் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்து, அதில் எம்ஜிஆர் இருந்தால் ஒரு விலை, சிவாஜி இருந்தால் ஒரு விலை, வெறும் மரம் இருந்தால் அதற்கும் ஒரு விலை. எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம் வந்தது. கம்மைச் சுற்றி ஒரு கிரிக்கெட் வீரர், அவரோடு சில ரன்கள். ரன்களைச் சேர்த்துக் கொடுத்தால் விரலால் புரட்டினால் பேட் ஓடுகிற சின்னப் புத்தகம் கிடைக்கும். பிறகு டிரம்ப் கார்டு. "மேட்ச் எவ்ளோ?" "நூத்தி இருபத்தஞ்சு!" "போச்சு, குடு." அந்த ஆட்டத்தில் ஆள் முக்கியமில்லை, கார்டில் இருக்கும் எண்தான். சென்னையிலிருந்தே 1978 முதல் வந்த ஸ்போர்ட்ஸ்டாரின் நடுப்பக்கப் படம் சுவருக்குப் போகும். இவை எல்லாவற்றிலும் பிடித்த ஆளைச் சேர்த்தோம். இந்திய அணிதான் ஒரே அணி. அதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை.

அணியைத் தேர்ந்தெடுத்து, அந்த அணியின் கார்டுகளை மட்டும், வருடா வருடம், ஒருவர் விடாமல் சேர்ப்பது அமெரிக்கப் பழக்கம். அங்கே பேஸ்பால் கார்டுகளின் கதையும் சிகரெட்டில்தான் தொடங்குகிறது. பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே வைத்த விறைப்பான அட்டையில் படம் அச்சிட்டார்கள். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896லேயே கிரிக்கெட் வீரர்களை அப்படி அச்சிட்டது. பிறகு அட்டை பபிள்கம்முக்கு மாறியது. டாப்ஸ் 1952இல் போட்ட வரிசை இன்றைக்குப் புராணம். அதிலிருந்து மிக்கி மேண்டிலின் ஒரு கார்டு 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. விற்காமல் மிஞ்சிய 1952 கார்டுகளைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள் என்பது அதே டாப்ஸின் கதை. விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும். நம் பையன்கள் யாரும் விற்பதற்காகச் சேர்க்கவில்லை.

கேள்விக்கு வருகிறேன்.

வீட்டில் ஓர் அருவாமனை இருக்கிறது, பாட்டி காலத்தது. பலகை இரண்டு தடவை மாற்றியாயிற்று, இரும்பு ஒரு தடவை. அது இன்னும் பாட்டியின் அருவாமனைதானா? கிரேக்கர்கள் இதையே கப்பலை வைத்துக் கேட்டார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. கபாலீஸ்வரர் கோயில் முதலில் கடற்கரையில் இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்து இப்போதிருக்கும் இடத்தில் எழுந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கல் வேறு, இடம் வேறு; கோயில் அதேதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. 2008இன் மஞ்சள் அணியில் இன்று யார் மிச்சம் என்று எண்ணினால், தோனியோடு விரல் நின்றுவிடும்.

தத்துவ வகுப்பில் இதைக் கற்பனையாகச் செய்து பார்ப்பார்கள்: ஆட்களை ஒரு பக்கமும் பெயரை ஒரு பக்கமும் பிரித்து வைத்தால் அன்பு எந்தப் பக்கம் போகும்? நமக்குக் கற்பனை தேவைப்படவில்லை. 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை இரண்டு ஆண்டுகள் விலக்கி வைத்தது. 2016லும் 2017லும் மஞ்சள் அணி இல்லை. ஆட்கள் இருந்தார்கள்: தோனியும் அஸ்வினும் புனேவில், ரெய்னாவும் ஜடேஜாவும் பிராவோவும் குஜராத்தில். அன்பு ஆட்களைத்தான் பின்தொடரும் என்றால் இந்த ஊர் அந்த இரண்டு ஆண்டும் பாதி புனேவாகவும் பாதி குஜராத்தாகவும் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தோனி ஆடினால் பார்த்தார்கள். 2017 இறுதியில் புனே ஒரு ரன்னில் தோற்றபோது "ஐயோ" என்றார்கள். மறுநாள் மறந்துவிட்டார்கள். அன்பு பெயரைத்தான் பின்தொடரும் என்றால், பின்தொடரப் பெயரே இல்லை. ஊரை என்றால், 2018இல் அணி திரும்பி வந்து சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியதும் காவிரிப் போராட்டத்தால் மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் போனார்கள். ஊரில் ஆடாத ஊர் அணி அந்த வருடம் கோப்பையையும் வாங்கியது.

ஆட்கள் இல்லை, பெயர் இல்லை, ஊரும் இல்லை. அப்படியானால் என்னதான் மிச்சமிருந்தது? அக்காவின் பெரிய பையன் அந்த இரண்டு வருடத்துக்கு ஆல்பத்தில் இரண்டு காலிப் பக்கங்களை விட்டு வைத்திருக்கிறான். கார்டு எதுவும் கிடையாது. மூலையில் பென்சிலால் '2016', '2017' என்று மட்டும். எனக்கு அந்தக் காலிப் பக்கங்களில் விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. அணி என்பது, நடந்தவற்றின் ஒரு தொடர். அதை என்னுடையது என்று ஒருவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். அதில் வெற்றியும் உண்டு, தடையும் உண்டு. குடும்பம் என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான். தாத்தா வாங்கிய வீடு மட்டும் என்னுடையது, அவர் வாங்கிய கடன் என்னுடையதில்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

இப்படிப் பார்த்தால் ஜடேஜா விஷயம் சுலபம். 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். நள்ளிரவு தாண்டி நடந்த அந்த இரண்டு பந்துகளை எந்த டிரேடும் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தக் கார்டு அந்த ஆண்டுப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்றும் உண்டு: ஜடேஜா 2008இல் ராஜஸ்தான் அணியில் இருந்தவர். முதல் ஐபிஎல் இறுதியில் நம்மைக் கடைசிப் பந்தில் தோற்கடித்த அணி அதுதான். அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார் என்றும் சொல்லலாம். அஸ்வினையே பாருங்கள். மேற்கு மாம்பலத்துப் பையன், 2009 முதல் 2015 வரை மஞ்சள். பிறகு புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான். 2024 ஏலத்தில் 9.75 கோடிக்கு மறுபடி மஞ்சள். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு. போனவரை எடுத்துவிட வேண்டும் என்பது விதியானால் அஸ்வின் கார்டை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் சிக்கல் இல்லை. ஜடேஜாவை வைத்துக்கொள் என்று யாரும் சொல்லிவிடலாம். இந்தக் கொள்கை கடிக்கிற இடம் வேறு.

ஆல்பத்தின் பழைய பகுதியில் முத்தையா முரளிதரனுக்கு இடம் உண்டு. 2008 முதல் 2010 வரை மஞ்சள் சட்டை. கண்டித் தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர், 2010 கோப்பையில் பங்குள்ளவர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த அந்த வாரத்தில், தேர்தலை முன்னிட்டு தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றப்பட்டிருந்த ஐபிஎல்லில் சென்னை அணி அரையிறுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. முரளிதரன் அந்த அணியில் இருந்தார். நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்திச் சேனலிலிருந்து கிரிக்கெட்டுக்கும், கிரிக்கெட்டிலிருந்து செய்திக்கும் ரிமோட்டை மாற்றிக்கொண்டிருந்த வீடுகள் இந்த ஊரில் நிறைய. பிறகு போரையும் இலங்கை அரசையும் பற்றி அவர் பேசியவை பல தமிழர்களுக்கு ஆறாத கோபமாக ஆயின. 2020 அக்டோபரில் அவர் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

இடையில் 2013 மார்ச். ஜெனிவா தீர்மானம், லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதம், மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் தெருவில். முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு சென்னையில் நடக்கும் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் யாரும் ஆட மாட்டார்கள் என்று முடிவானது. சென்னை அணியிலேயே நுவன் குலசேகராவும் அகில தனஞ்செயாவும் இருந்தார்கள். தங்கள் சொந்த மைதானத்தில் அவர்களுக்கு இடமில்லை. அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிதரனும் அந்தத் தடைக்குள் வந்தார். மாப்பிள்ளையாக மட்டும் இந்த ஊருக்கு வரலாம். (குலசேகரா என்ற பெயரைக் கேட்டால் ஆழ்வார் ஞாபகம் வருகிற ஊர் இது. சில சமயம் வரலாறு வேண்டுமென்றே கேலி செய்கிற மாதிரி இருக்கும்.)

இவர்களுடைய கார்டுகளை என்ன செய்வது? இரண்டு தரப்பு வாதத்தையும் கேட்டிருக்கிறேன். கிரிக்கெட்டை அரசியலோடு கலக்காதே என்பது ஒன்று. இது சோம்பலான வாதம். ஊர்ப் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் ஏற்கெனவே அரசியல்தான்; அந்தப் பெயருக்காகத்தான் விசில் அடிக்கிறோம். இன்னொன்று, அந்தக் கார்டுகளைக் கிழித்தெறி என்பது. இதில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபம் நியாயமானது, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனாலும் கிழிப்பதில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. கார்டைக் கிழித்துவிட்டால் 2009 மே மாதத்தில் நான் யாருக்காகக் கைதட்டினேன் என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. ஆல்பம் சுத்தமாகிவிடும். அந்தச் சுத்தத்தை நான் நம்பவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் இருந்தால்தான் 'இந்த ஆளு யாரு, ஏன் அப்புறம் வரல' என்று ஒரு பையன் கேட்பான், யாராவது உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். வைத்துக்கொள்வதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வழக்குக் கட்டை வைத்திருக்கிற வக்கீல் எதிரியை மன்னித்தார் என்று யாரும் நினைப்பதில்லையே.

ஆல்பத்தின் 2013 பக்கத்துக்கும், தடைக்குக் காரணமான பந்தய விவகாரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். அதை விரிக்க வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் இந்த ஊரில் ஒரு விநோதமான மௌனம் உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். ஐந்து கோப்பைகளைப் பற்றி விரல் விட்டு எண்ணுகிறவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை 'பிரேக்' என்கிறார்கள். பள்ளி விடுமுறை மாதிரி.

இப்போது மறுபக்கம். இதுவரை சேர்ப்பவனின் பக்கத்திலிருந்தே பேசிவிட்டேன். கார்டில் இருக்கிறவர் என்ன நினைப்பார்?

கர்ட் ஃப்ளட் என்று ஒரு பேஸ்பால் வீரர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 ஆண்டுகள் ஆடியவர். மைதானத்தின் நடுவில் அவர் பிடிக்காத பந்து இல்லை என்பார்கள். 1964லும் 1967லும் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது அவர் இருந்தார். 1969 அக்டோபரில் ஒரு தொலைபேசி அழைப்பு: உங்களை பிலடெல்பியாவுக்கு மாற்றியாயிற்று. ஃப்ளட், கூட இன்னும் சிலர்; பதிலுக்கு அங்கிருந்து டிக் ஆலன் உட்பட சிலர். அன்றைய விதிப்படி வீரருக்கு இதில் வாய் கிடையாது. அணி எங்கே அனுப்புகிறதோ அங்கே போக வேண்டும், இல்லையேல் ஆட்டத்தையே விட வேண்டும். கறுப்பினத்தவரான ஃப்ளட் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து இல்லை என்பது அதன் சாரம். பிலடெல்பியா லட்சம் டாலர் தருகிறேன் என்றது. அவர் போகவில்லை, 1970 முழுக்க ஆடவில்லை, வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1972இல் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீரர்களின் சுதந்திரத்துக்குக் கதவு 1975இல், வேறு இருவரின் வழக்கில் திறந்தது. அதற்குள் அவருடைய ஆட்டம் முடிந்துபோயிருந்தது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹாரி பிளாக்மன். அதன் தொடக்கத்தில் அவர் பேஸ்பாலின் வரலாற்றைச் சொல்லி, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். எண்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். சட்டத்துக்கு அந்தப் பட்டியல் எதற்கும் தேவையில்லை. சக நீதிபதிகள் சிலர் அந்தப் பகுதியில் கையெழுத்துச் சேர்க்க மறுத்தார்கள். எனக்கு அது ஓர் ஆல்பமாகத்தான் தெரிகிறது. அவ்வளவு பெயர்களையும் அன்போடு அடுக்கிவிட்டு, அதே கையால், எதிரே நிற்கும் ஒரு ஆட்டக்காரரிடம் உனக்கு விடுதலை இல்லை என்று அந்த நீதிபதி எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. ஆட்டத்தை நேசிப்பவர். ஆட்டத்தை நேசிப்பதற்கும் ஆடுகிறவரைப் பார்ப்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஐபிஎல் டிரேடில் வீரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜாவைக் கேட்காமல் அனுப்பவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்காக யாரும் அழ வேண்டியதும் இல்லை. ஆனால் ஏலத்தில் அப்படியில்லை. பெயரைக் கொடுத்து, அடிப்படை விலையைக் குறித்துவிட்டால், எந்த அணியின் பலகை கடைசியாக மேலே நிற்கிறதோ அங்கேதான் போக வேண்டும். பலரின் பெயரைப் படிக்கும்போது எந்தப் பலகையும் எழுவதில்லை. அந்தச் சில விநாடி மௌனத்தை நாம் டீ குடித்துக்கொண்டே பார்க்கிறோம். "இவனை எதுக்கு எடுத்தாங்க?" "தூக்கி எறிஞ்சுட்டு வேற ஆளை எடுக்கணும்." எடுப்பது, எறிவது, மாற்றுவது: இந்த வினைச்சொற்களெல்லாம் கார்டிலிருந்து ஆளுக்குப் போனவையா, ஆளிலிருந்து கார்டுக்கு வந்தவையா என்று தெரியவில்லை. மாடிப்படியில் சரியாக இருக்கிற பேச்சு ஏல அறையில் அப்படியே கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.

அதனால் கார்டு சேர்ப்பதே தப்பு என்று சொல்ல வருகிறேனா? இல்லை. சேர்ப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. டிரம்ப் கார்டு ஆடுகிறவனுக்குப் பெரிய எண் வேண்டும். தோனியும் ரெய்னாவும் இருந்தால் போதும், மற்றவர்கள் தோற்பதற்கென்றே இருப்பவர்கள். அணியை முழுசாகச் சேர்க்கிறவனுக்கு அப்படி முடியாது. அவன் தோனி கார்டை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவான், நான்கு டபுளும் வந்து சேரும். அவனுடைய தூக்கத்தைக் கெடுப்பது யாருக்கும் ஞாபகமில்லாத ஒருவர்தான். முழு சீசனும் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு இளைஞர். 2008இல் மஞ்சளில் சில ஆட்டங்கள் வீசிய பழனி அமர்நாத்தை இன்று சேப்பாக்கம் ரயில் நிலையத்தில் நிறுத்திக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு நல்ல ஆல்பக்காரன் சொல்வான். பத்ரிநாத் எந்த ஆண்டு வரை இருந்தார் என்பதும் அவனுக்குத் தெரியும். ஏலத்தில் அடிப்படை விலைக்குப் போனவரும் கோடிகளுக்குப் போனவரும் அவனிடம் ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் பையில் இருக்கிறார்கள். மாடிப்படிச் சந்தையில் அந்தத் தண்ணீர் பாட்டில்காரருக்கு மூன்று தோனி கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஐபிஎல்லில் வேறெங்கும் இப்படி ஒரு சமத்துவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒருவரை மறக்காமலிருப்பது அவருக்குச் செய்யும் நியாயத்தில் ஒரு பகுதி. முழு நியாயம் ஆகாது. பிளாக்மனும் எண்பது பேரை மறக்கவில்லை. அவருடைய பட்டியலில் குறை, அதில் இருந்தவர்கள் எல்லோரும் கேள்வி கேட்காதவர்களாக இருந்தார்கள் என்பது. ஆல்பத்தில் இருக்கிறவர்களில் யாருக்காவது அந்தச் சட்டை வேண்டாததாக இருந்ததா, யாராவது போக மாட்டேன் என்றாரா, யாரையாவது ஊர் மைதானத்திலேயே ஆட விடாமல் வைத்தார்களா என்பதும் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் சேர வேண்டும். பையன்கள் கார்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினால் விலை போய்விடும் என்பார்கள். போகட்டும், பின்னால் ஒரு துண்டுச்சீட்டு வைக்கலாம்.

1970 வரிசையை அச்சிடும்போது டாப்ஸ் நிறுவனம் கர்ட் ஃப்ளட்டுக்கும் ஒரு கார்டு போட்டது. அதில் அணியின் பெயர் பிலடெல்பியா ஃபில்லீஸ். அவர் அந்த அணிக்கு ஒரு பந்துகூட ஆடவில்லை. ஆட மாட்டேன் என்று சொன்னதற்காகத்தான் அவருடைய வாழ்க்கையே திசை மாறியது. ஆனால் ஃபில்லீஸ் கார்டுகளை மட்டும் சேர்க்கிற ஆட்கள் அந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். 1970ஐ முழுசாக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு அந்தக் கார்டு வேண்டும், ஃப்ளட் இல்லாமல் அந்தப் பக்கம் நிரம்பாது. தங்கள் அணியின் பெயரோடு, தங்கள் அணிக்கு வர மறுத்தவரின் முகத்தை அவர்கள் ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் பார்க்க வேண்டும்.